எழுதாத செலவை யார் கட்டுகிறார்கள்?

“நாங்க குடுக்குற நூறு ரூபாயும் அப்படியே ஜனங்களுக்குப் போயிறணும். ஆபீஸு, சம்பளம்னு ஒரு ரூபாகூடப் போகக் கூடாது.” தேனி, போடி, கம்பம் பக்கம் தொண்டு நிறுவனம் நடத்துகிறவர்களில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் இருக்க மாட்டார். கம்பெனியின் சிஎஸ்ஆர், அதாவது சமூகப் பொறுப்பு நிதியைப் பார்க்கிற அதிகாரி சொல்வார். உள்ளூர்ச் சங்கத்தின் தலைவர் சொல்வார். வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டே சொந்த ஊருக்கு ஏதாவது செய்ய நினைக்கிற பிள்ளையும் சொல்வார். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. பாடுபட்டுச் சேர்த்த காசு இடையில் கரைந்துவிடக் கூடாது என்கிற கவலைதான் அது. ஏழைகளுக்காகச் செலவிடும் ஒரு ரூபாயில் பதினைந்து பைசாதான் அவர்களைச் சென்று சேர்கிறது என்று 1985-இல் ராஜீவ் காந்தி சொன்னதிலிருந்து அந்தக் கவலைக்கு ஒரு பிரதமரின் சாட்சியமும் சேர்ந்துகொண்டது.

கவலை நியாயமானது. அதிலிருந்து பிறந்த விதி தவறானது. நிர்வாகச் செலவு குறைந்தால் நல்ல நிறுவனம், கூடினால் மோசமான நிறுவனம் என்கிற அந்த விதி, இன்று நிதி விண்ணப்பப் படிவங்களில் ‘நிர்வாகம்: 5 சதவீதத்துக்கு மிகாமல்’ என்று அச்சாகியே வருகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் சிறு நிறுவனங்களுக்கு பட்ஜெட் எழுதியும் கணக்குப் பார்த்தும் வந்தவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், அந்த விதி யாருக்கும் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடித்துக் கொடுக்கவில்லை. செலவு அப்படியேதான் இருக்கிறது. அதைத் தாங்கத் திராணியே இல்லாத ஆளின் தலைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு திட்டத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூடலூர், கம்பம், சுருளிப்பட்டி பக்கத்து ஊர்களிலிருந்து நாள்தோறும் விடியும் முன்பே பெண்கள் ஜீப் ஏறுகிறார்கள். கம்பம்மெட்டு, குமுளி மலைப்பாதைகளில் ஏறி, இடுக்கி ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டு இருட்டுகிற நேரத்துக்குத் திரும்புகிறார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு வீடு பூட்டியிருக்கும். அந்தப் பிள்ளைகளுக்காகப் பத்து ஊர்களில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்துவது என்று வைத்துக்கொள்வோம். தொகைகள் உதாரணத்துக்காக நான் போட்டவை. செலவு வரிகள் ஒவ்வொன்றும் நான் கண்ணால் பார்த்தவை.

மையத்துக்கு ஓர் ஆசிரியை, மாதம் 4,000 ரூபாய். பத்து பேருக்கு ஆண்டுக்கு 4,80,000. மையத்துக்கு 30 பிள்ளைகள், ஆளுக்குப் பத்து ரூபாய்க்குச் சுண்டல், ஆண்டில் 220 நாள். பத்து மையங்களுக்கும் சேர்த்து 6,60,000. நோட்டு, புத்தகம், பலகை, விளக்கு ஒரு லட்சம். ஆக 12,40,000. இதற்கு 5 சதவீதம் நிர்வாகம், 62,000. மொத்தம் 13,02,000 ரூபாய். இப்படி ஒரு பட்ஜெட்டைப் பார்த்தால் நிதி கொடுக்கிறவருக்கு மனம் நிறைந்துவிடும். கையெழுத்தும் விழுந்துவிடும்.

இனி, அந்தத் தாளில் இல்லாதவற்றைப் பார்ப்போம். பத்து ஊர்களையும் சுற்றிவந்து, வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய்க் கேட்டு, ஆசிரியை விடுப்பெடுத்த நாளில் தானே நின்று பாடம் நடத்த ஓர் ஒருங்கிணைப்பாளர் வேண்டும். மாதம் 18,000 என்றால் ஆண்டுக்கு 2,16,000. அவருடைய வண்டிக்கு பெட்ரோல் 36,000. ஆசிரியைகளுக்கு ஆண்டில் நான்கு பயிற்சி, 40,000. கணக்காளருடைய நேரத்தில் பாதி இந்தத் திட்டத்துக்கே போகும், 96,000. அலுவலக வாடகையில் இந்தத் திட்டத்தின் பங்கு 48,000. மின்சாரம், போன், இணையம் 24,000. ஆடிட்டர் கட்டணத்தில் பங்கு 20,000. ஒருங்கிணைப்பாளருக்கும் கணக்காளருக்கும் நிறுவனம் கட்ட வேண்டிய பிஎஃப் பங்கு ஏறக்குறைய 40,000. கூட்டினால் 5,20,000 ரூபாய். திட்டத்தின் உண்மையான செலவு 17,60,000. கைக்கு வருவது 13,02,000. துண்டு விழுவது 4,58,000.

இந்த ஐந்து லட்சத்து இருபதாயிரத்தையும் ஒட்டுமொத்தமாக ‘அட்மின்’ என்று ஒதுக்கிவிடுவதுதான் முதல் பிழை. ஒருங்கிணைப்பாளரின் சம்பளமும் பிஎஃபும் பெட்ரோலும் பயிற்சியும் சேர்ந்து ஏறக்குறைய 3,20,000. அதுதான் திட்டமே. ஒருங்கிணைப்பாளர் இல்லாத மையம் மூன்றாம் மாதமே பூட்டு தொங்கும் மையம். மீதியுள்ள இரண்டு லட்சம்தான் பல திட்டங்களுக்கும் பொதுவான செலவில் இதன் பங்கு. மொத்தத்தில் அது 11 சதவீதம் சொச்சம். கணக்கை ஒழுங்காகப் பிரித்து எழுதினால் நியாயமாகத் தெரிகிற ஒரு தொகை, ‘நிர்வாகம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்துவைத்தால் பூதமாகத் தெரிகிறது.

துண்டு விழுந்த நாலரை லட்சம் எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்து வருவதில்லை. ஒருங்கிணைப்பாளருக்கு 18,000 என்று இருந்தது 10,000 ஆகிறது. பெட்ரோல் அவர் சொந்தக் காசு. கணக்காளர் வேலையை நிறுவனம் நடத்துகிறவர் வீட்டுப் பெண் இரவில் உட்கார்ந்து சம்பளமில்லாமல் செய்கிறார். பயிற்சி நடப்பதே இல்லை. பிஎஃப் கட்டாமலிருக்க, ஊழியர்களை ‘தன்னார்வலர்’ என்று எழுதி ‘மதிப்பூதியம்’ என்று கொடுக்கிறார்கள். ஐந்து ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் போகிறவருக்குப் பணிக்கொடை கிடையாது, ஒரு சால்வை மட்டும். இவை எதுவும் போதாதபோது கடைசியில் ஒன்று நடக்கிறது. 22 பிள்ளைகள் வந்த நாளில் 30 பிள்ளைகளுக்குச் சுண்டல் எழுதப்படுகிறது. அந்த வவுச்சர் பொய். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன், என் கையால் எழுதவும் சம்மதித்ததில்லை. ஆனால் எந்தப் படிவம் அந்தப் பொய்யைப் பிடிக்கத்தான் தன்னை இவ்வளவு இறுக்கமாக வைத்திருப்பதாகச் சொல்கிறதோ, அதே படிவம்தான் அந்தப் பொய்யை உண்டாக்குகிறது. வாடகை என்று நேராக எழுத இடமிருந்தால் யாரும் வாடகையைச் சுண்டலில் ஒளித்துவைக்கப் போவதில்லை.

என் சொந்த அனுபவம் ஒன்று. ஒரு நிதி நிறுவனத்தின் கூட்டத்தில், நான் எழுதிய பட்ஜெட்டில் ‘கணக்காளர்’ என்ற வரியைச் சிவப்பு மையால் அடித்தார்கள். “கணக்கு எழுத ஒரு ஆளா? உங்க டைரக்டரே பாத்துக்கட்டும்” என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். நிதி வந்தது. கூடவே நிபந்தனைகளும் வந்தன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செலவறிக்கை, ஒவ்வொரு ரசீதின் நகல், இடமும் நேரமும் பதிவான புகைப்படம், பயனாளிப் பட்டியல் எக்செல்லில், ஆண்டு முடிவில் ஆடிட்டர் கையெழுத்திட்ட யூசி என்கிற நிதிப் பயன்பாட்டுச் சான்றிதழ். அவர்கள் கேட்டதில் ஒன்றுகூடத் தப்பில்லை. பொதுக் காசுக்குக் கணக்குக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கணக்குக் கேட்கிற உரிமையை வைத்துக்கொண்டு, கணக்கு எழுதுகிறவரின் கூலியை மட்டும் அடித்துவிடுவது என்ன நியாயம்?

முழுச் செலவு என்பது வெளியிலிருந்து வந்த புதுச் சொல் என்று நினைக்க வேண்டாம். இந்தப் பள்ளத்தாக்கின் விவசாயி பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பதே அதுதான். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிற பூமி இது. ‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது’ என்ற பழமொழி இங்கே எல்லார் வாயிலும் உண்டு. விதை, உரம், மருந்து, ஆள்கூலி என்று கையைவிட்டுப் போனதை மட்டும் எழுதினால் விவசாயம் லாபம். தன் உழைப்பை, வீட்டார் உழைப்பை, சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பை, போட்ட முதலின் வட்டியைச் சேர்த்து எழுதினால்தான் உண்மை தெரியும். எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம், உற்பத்திச் செலவுக்கு மேல் ஐம்பது சதவீதம் சேர்த்து விலை கொடுக்கச் சொன்னது. அதற்குப் பின் நடந்த சண்டையெல்லாம் எதைச் செலவு என்று கணக்கில் எடுப்பது என்பதைப் பற்றியதுதான். குடும்ப உழைப்போடு நிறுத்துகிற ஏ2+எஃப்எல் கணக்கா, நிலக் குத்தகையும் முதலின் வட்டியும் சேர்ந்த சி2 கணக்கா? விவசாயி சி2 கேட்கும்போது நாம் எல்லாரும் கை தட்டுகிறோம். அதே ஊரில் அந்த விவசாயியின் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் நிறுவனம் தன் சி2-வை எழுதினால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறோம்?

“தொண்டு என்றால் தியாகம் இல்லையா? சம்பளம், பிஎஃப் என்று பேசினால் அது வேலை, சேவை இல்லை” என்பது அடுத்த வாதம். இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பொறியாளர் பென்னிகுவிக்கைக் காட்டுவார்கள். இங்கிலாந்தில் இருந்த சொத்தை விற்று முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தார் என்பது இந்தப் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு சொல்லப்படும் கதை. அவர் பிறந்த ஜனவரி 15 அன்று பாலார்பட்டியில் அவருக்காகப் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013-இல் மணிமண்டபமும் எழுந்தது. அந்த மரியாதையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தக் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பாடம் சரியில்லை. ஒரு பெரிய வேலைக்கு ஒதுக்கிய பணம் போதவில்லை, ஒரு தனி மனிதர் தன் சொத்தால் அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டி வந்தது என்பதுதான் கதை. அவரைக் கும்பிடுகிற ஊர், இனி யாருக்கும் அந்த நிலை வரக் கூடாது என்றல்லவா நினைக்க வேண்டும்?

1895-இல் திறந்த அணை இன்றைக்கும் நிற்கிறதென்றால் ஒருவருடைய தியாகத்தால் மட்டும் நிற்கவில்லை. 1979-க்குப் பின் அணைமேல் கான்கிரீட் போட்டார்கள், கேபிள் இறக்கி அடிப்பாறையோடு பிணைத்தார்கள், பின்புறம் கான்கிரீட் சுவர் சேர்த்தார்கள். ஆண்டுதோறும் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கப்படுகிறது. தண்ணீர் அளவைக் குறித்துக்கொள்ள ஆள் இருக்கிறார், ஷட்டரைத் திறக்க ஆள் இருக்கிறார். கட்டியவரைக் கும்பிடுகிறோம் என்பதற்காக, ஷட்டரைத் திறக்கிறவருக்குச் சம்பளம் வேண்டாம் என்று இந்த ஊரில் ஒருவரும் சொன்னதில்லை.

இன்னும் பின்னால் போய்ப் பாருங்கள். பதினோராம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடலில் இருக்கிறது. பதினைந்து படுக்கை கொண்ட ஓர் ஆதுலர் சாலையை, அதாவது மருத்துவமனையை, நடத்த வேண்டிய செலவு அதில் வெட்டப்பட்டிருக்கிறது. ‘நோயாளிக்கு மருந்து கொடுக்க’ என்று ஒற்றை வரியில் அது முடியவில்லை. மருத்துவருக்கு எவ்வளவு, அறுவை செய்பவருக்கு எவ்வளவு, மூலிகை கொண்டுவருகிறவருக்கு எவ்வளவு, மருந்து அடும் பெண்களுக்கு எவ்வளவு, நாவிதருக்கு எவ்வளவு என்று ஆள் ஆளாக, நெல்லும் காசுமாக எழுதியிருக்கிறார்கள். இரவில் எரியும் விளக்கின் எண்ணெய்கூட அதில் உண்டு. கோயிலில் ஒரு நந்தா விளக்கு வைக்க விரும்பியவர்கள் ஒரு குடம் நெய் கொடுத்துவிட்டுப் போய்விடவில்லை. தொண்ணூறு, தொண்ணூற்றாறு ஆடுகளைக் கொடுத்து, அவற்றை இடையரிடம் ஒப்படைத்து, ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர் வைத்தார்கள். செத்ததற்கும் கிழடு தட்டியதற்கும் ஈடாகக் குட்டி சேர்ந்து மந்தை குறையாமல் இருக்க வேண்டும், விளக்கு அணையவே கூடாது என்பது ஏற்பாடு. விளக்கை மட்டும் பார்க்காமல், நெய்யையும் ஆட்டையும் மேய்க்கிறவரையும் சேர்த்துப் பார்த்த தர்மம் நம்முடையது. அறத்துக்குக் கூலி கேட்பது அபச்சாரம் என்கிற எண்ணம் நம் முன்னோரிடம் இருந்ததில்லை.

தியாகம் செய்கிறவர் தானாக விரும்பிச் செய்தால்தான் அது தியாகம். மாதம் பத்தாயிரத்துக்கு வேலை பார்க்கும் ஒரு விதவைப் பெண்ணின் கழுத்தில் அதைக் கட்டிவிட்டு, தியாகம் என்று நாம் பெயர் சூட்டக் கூடாது.

“என்ஜிஓ என்று சொல்லிக்கொண்டு கார் வாங்கினவர்கள் எத்தனை பேர், எங்களுக்குத் தெரியாதா?” என்பது மூன்றாவது வாதம். தெரியும். எனக்கும் தெரியும். லெட்டர்பேடு மட்டும் வைத்திருக்கும் அமைப்புகள் இந்த மாவட்டத்திலும் இருந்திருக்கின்றன. ஆனால் அவர்கள் திருடியது எந்த வரியில் என்று பாருங்கள். நிர்வாகச் செலவை உயர்த்திக் காட்டித் திருடவில்லை. நடக்காத முகாம், வராத பயனாளி, வாங்காத தையல் மிஷின் என்று ‘நேரடிப் பயன்’ வரியில்தான் திருடினார்கள். ஏனென்றால் அந்த வரியை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஐந்து சதவீத நிர்வாகம் காட்டுகிற ஏமாற்றுக்காரருக்கு நம் விதி நற்சான்று கொடுக்கிறது. பதினெட்டு சதவீதத்தை ஒளிக்காமல் எழுதுகிற நேர்மையானவரைச் சந்தேகப்படுகிறது. முழுச் செலவு கேட்பதால் செலவு கூடிவிடப் போவதில்லை. ஒவ்வொரு பொதுச் செலவும் எந்த அடிப்படையில் எந்தத் திட்டத்துக்குப் பிரிக்கப்பட்டது, யார் எத்தனை நேரம் எதற்கு உழைத்தார் என்று காட்ட வேண்டிய கட்டாயம்தான் அதனால் வரும். அப்படிக் காட்டச் சொன்னால் முதலில் வெளுத்துப்போவது லெட்டர்பேடு ஆசாமிகளின் முகம்தான்.

அரசின் கட்டட வேலையைப் பாருங்கள். மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப் பகுப்பாய்வில், பொருளும் கூலியும் கணக்கிட்ட பின் ஒப்பந்ததாரரின் மேற்செலவுக்கும் லாபத்துக்குமாக 15 சதவீதம் சேர்க்கப்படுகிறது. வாய்க்கால் கட்டுகிற காண்ட்ராக்டருக்கு அலுவலகம் இருக்கும், கணக்காளர் இருப்பார் என்பதை அரசே ஒப்புக்கொள்கிறது. லாபமே எடுக்காமல் பள்ளிப் பிள்ளைக்கு எழுத்தறிவிக்கும் நிறுவனத்துக்கு அலுவலகம் ஆகாது என்கிறோம்.

“சட்டமே அப்படித்தானே இருக்கிறது” என்பது நான்காவது வாதம். இதைச் சொல்பவர்களில் பலர் சட்டத்தைப் படித்ததில்லை. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவின்கீழ் வந்த சிஎஸ்ஆர் விதிகளில் 5 சதவீதம் என்ற வரம்பு இருப்பது உண்மை. அது கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்தச் செலவிடும் நிர்வாகத் தொகைக்கான வரம்பு. திட்டத்தைச் செயல்படுத்தும் தொண்டு நிறுவனத்தின் செலவை அது கட்டுப்படுத்தவில்லை. 2021 ஆகஸ்டில் கம்பெனி விவகார அமைச்சகம் வெளியிட்ட கேள்வி-பதில் விளக்கத்திலும் இது தெளிவாக இருக்கிறது. தனக்கு வைத்த வரம்பைக் கம்பெனி தொண்டு நிறுவனத்தின் தலையில் இறக்கிவைத்துவிட்டு, சட்டத்தின் மேல் பழி போடுகிறது.

வெளிநாட்டு நிதியின் கதை வேறு. எஃப்சிஆர்ஏ சட்டத்தில் நிர்வாகத்துக்கு 50 சதவீதம் என்று இருந்த வரம்பு 2020 செப்டம்பர் திருத்தத்தில் 20 சதவீதமாகக் குறைந்தது. ஒரு நிறுவனம் தான் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுப்பதும் அதே திருத்தத்தில் தடைசெய்யப்பட்டது. சென்னையிலும் டெல்லியிலும் இருக்கும் பெரிய நிறுவனங்கள் வழியாக ஆண்டிபட்டிக்கும் உத்தமபாளையத்துக்கும் வந்துகொண்டிருந்த பணத்தின் வாசல் அத்தோடு அடைபட்டது. அந்தத் திருத்தம் சிறு நிறுவனங்களுக்குக் கடுமையானது, மாற்றப்பட வேண்டியது என்பது என் கருத்து. ஆனால் அந்தச் சட்டத்தின் விதிகூட ஒன்றை ஏற்கிறது. மருத்துவமனையின் டாக்டருக்கும் பள்ளியின் ஆசிரியருக்கும் கொடுக்கும் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது. அரசே பிரித்துப் பார்க்கிற ஒன்றை, சம்பளம் என்ற சொல்லைக் கண்டதும் அடித்துவிடுகிற நிதியாளர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை.

சட்டம் செலவைக் கூட்டியும் இருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் 12ஏ, 80ஜி எனப்படும் வருமான வரிச் சலுகைப் பதிவுகளைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சிஎஸ்ஆர் பணம் வாங்க சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிய வேண்டும். நன்கொடையாளர் பட்டியலை ஆண்டுதோறும் மே மாதத்துக்குள் வருமான வரித் துறைக்குக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு நிதி பெற்றிருந்தால் டிசம்பருக்குள் எஃப்சி-4 தாக்கல் செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒருவர் உட்கார வேண்டும், ஆடிட்டருக்குக் கட்டணம் கொடுக்க வேண்டும். வெளிப்படைத்தன்மை வேண்டும் என்று கேட்பதில் எனக்கு முழுச் சம்மதம். அதற்கும் விலை உண்டு, அந்த விலை பட்ஜெட்டில் இருக்க வேண்டும் என்கிறேன்.

உலகம் இதைப் புரிந்துகொள்ளத் தொடங்கிச் சில காலம் ஆயிற்று. நிர்வாகச் செலவைக் குறைத்துக் காட்டு என்று கொடுப்பவர் நெருக்க, வாங்குபவர் குறைத்துக் காட்ட, அதையே உண்மை என்று நம்பிக் கொடுப்பவர் இன்னும் நெருக்குகிற சுழலை, 2009-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு இதழில் வந்த ஒரு கட்டுரை ‘பட்டினிச் சுழல்’ என்று பெயரிட்டு எழுதியது. ஃபோர்டு அறக்கட்டளை தன் திட்ட நிதியில் மறைமுகச் செலவுக்குக் கொடுப்பதை 2015-இல் 10 சதவீதத்திலிருந்து 20 ஆக்கியது. இந்தியாவில் பிரிட்ஜ்ஸ்பேன் என்ற ஆலோசனை அமைப்பு 2021-இல் வெளியிட்ட ஆய்வில், ஓரளவு வசதியான நாற்பது நிறுவனங்களின் கணக்கைப் பார்த்தபோது மறைமுகச் செலவு 5 சதவீதத்திலிருந்து 51 சதவீதம் வரை இருந்தது. நடுமதிப்பு 19. வேலை எதுவோ அதைப் பொறுத்துச் செலவு மாறும் என்பதே இதன் அர்த்தம். பழங்குடி பளியர் குடியிருப்புக்கு மலையேறிப் போகிற நிறுவனத்துக்கும், டவுனில் ஒரே கட்டடத்தில் தையல் வகுப்பு நடத்துகிற நிறுவனத்துக்கும் ஒரே சதவீதம் வைப்பது எப்படி நியாயமாகும்?

கடைசி வாதம் நம் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. “நீங்க முழுச் செலவு எழுதுங்க, பக்கத்து நிறுவனம் அஞ்சு சதவீதத்துல முடிக்கிறேன்னு எழுதி வாங்கிட்டுப் போயிரும்” என்பார்கள் என் நண்பர்கள். பயம் பொய்யில்லை. நானே அப்படித் தோற்றிருக்கிறேன். ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பயந்து குறைப்பதால்தான் எல்லாருடைய விலையும் விழுகிறது. ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிற பெண்கள்கூடக் கூலியை ஊருக்குள் பேசிவைத்துக்கொண்டுதான் வண்டி ஏறுகிறார்கள். மாவட்டத்தில் உள்ள நிறுவனங்கள் ஒன்றுகூடி, பொதுச் செலவைப் பிரித்தெழுத ஒரே மாதிரிப் படிவம் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். ஒருங்கிணைப்பாளர், கணக்காளர், பிஎஃப், தணிக்கை ஆகிய நான்கு வரிகளை யாரும் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவெடுக்கலாம். புதுச் சட்டமோ டெல்லியின் அனுமதியோ அதற்குத் தேவையில்லை.

மகளிர் குழுக்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம். கணக்கு எழுதுகிறவருக்குக் குழுவே மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கிறது. களஞ்சியம் போன்ற கூட்டமைப்புகளில் பணியாளர் சம்பளத்தையே உறுப்பினர்கள் தங்கள் பணத்திலிருந்து ஏற்றுக்கொள்கிறார்கள். கூலிக்குப் போகிற பெண்கள் இதற்கு முகம் சுளிப்பதில்லை. கணக்கு நோட்டு சரியாக இருந்தால்தான் சேமிப்பு பத்திரமாக இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிகிறது.

ஒரு மழைக்கால மாலையை மறக்க முடியவில்லை. கூடலூர்ப் பக்கம் ஒரு மையத்துக்குப் போயிருந்தேன். மலைப்பாதையில் மரம் விழுந்து ஜீப்புகள் மேலேயே நின்றுவிட்டன. ஏழரைக்குப் பூட்ட வேண்டிய மையம். ஒன்பதே காலுக்குத்தான் முதல் ஜீப்பின் வெளிச்சம் தெருமுனையில் தெரிந்தது. அதுவரை பதினோரு பிள்ளைகளையும் உட்காரவைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார் அந்த ஆசிரியை. பசியில் சின்னது ஒன்று அழத் தொடங்கியதும், எதிர்க்கடையில் பதினோரு பன் வாங்கிக் கொடுத்தார். நூற்றுப்பத்து ரூபாய், அவர் பர்ஸிலிருந்து. அப்போது அவருக்குச் சம்பளமே இரண்டு மாதம் பாக்கி. மறுநாள் அந்த நூற்றுப்பத்தை எழுத பட்ஜெட்டில் இடம் தேடினேன். சுண்டலுக்கு வரி இருந்தது, பன்னுக்கு இல்லை. காத்திருந்த நேரத்துக்கும் இல்லை, எதிர்பாராச் செலவுக்கும் இல்லை. “விடுங்க சார், அதெல்லாம் எழுதாதீங்க” என்றார் அவர்.

அந்தச் செலவை எழுத வேண்டும் என்றுதான் இத்தனையும் சொல்கிறேன். கொடுக்கிற மனம் படைத்த அன்பர்களே, அடுத்த விண்ணப்பம் உங்கள் மேசைக்கு வரும்போது நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்று தேடுவதற்கு முன் வேறொன்றைத் தேடுங்கள். பத்து ஊர்களைச் சுற்றிவருகிறவர் எந்த வரியில் இருக்கிறார்? கணக்கு எழுதுகிறவர் எந்த வரியில் இருக்கிறார்? மையத்தைத் திறந்து, கடைசிப் பிள்ளை வீடு போகும்வரை உட்கார்ந்திருந்து பூட்டுகிறவருக்கு எவ்வளவு எழுதியிருக்கிறது? அந்த வரிகள் இல்லையென்றால், குறைந்த செலவில் முடிக்கிறார்களே என்று மகிழ்ந்துபோய்க் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். தாளைத் திருப்பி அனுப்பி, விட்டுப்போனதை எழுதி வாங்குங்கள். எழுதி வந்த பின் அதற்கும் சேர்த்துக் கொடுங்கள்.